இரட்டைக்கொம்பும் காலும்

இரவு பதினொன்றே கால்.
காகிதப்பட்டறையில் கடையின் ஷட்டர் பாதிவரை இறங்கிவிட்டது.
மின்விசிறி மே மாதத்தையே
சுற்றிச் சுற்றி என்மேல் கொட்டுகிறது.
குனிந்து உள்ளே வந்த தில்லிபாபு
சட்டைப்பையிலிருந்து அப்பாவை எடுத்தார்:
லாரி ஓட்டும் உரிமத்தில் ஒட்டியிருந்த படம்.
பத்துக்கு ஆறு ஃப்ளெக்ஸ்,
விடிவதற்குள் வேண்டும்.

போன மாதம் ஹார்ட் டிஸ்க் செத்தது.
புது விண்டோஸுக்குக் கடை வாடகையளவு கேட்டார்கள்.
இம்தியாஸ் வந்து லினக்ஸ் போட்டான்,
அதன்மேல் ஒயின் என்று எதையோ ஊற்றினான்,
அதற்குள் கோரலை நீந்தவிட்டான்.
'பாலாத்துல தண்ணியா ஓடுது?
ஆறுன்னுதானே சொல்றோம்.
விண்டோஸ் இல்லாமலும் இது ஓடும்க்கா.'
ஓடுகிறது,
பாலாறு போலத்தான்.
சில நாள்.

எந்த வேலைக்கும் இரண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சேமிப்பேன்.
நிழல் போட்டால் உறைந்துபோகும்; நிழல் போடமாட்டேன்.
அச்சு என்ற பட்டனைத் தொடவே மாட்டேன்.
அடுத்தவர் வீட்டில் குடியிருப்பவளின் நடை
என் விரல்களுக்கு வந்துவிட்டது.

கண்ணீர் அஞ்சலி, வந்தது.
மறைவு, தேதியோடு வந்தது.
தோற்றம் என்று அடித்தேன்.
உடைந்தது.
த மட்டும் முன்னால் தனியாக நிற்க
கொம்பும் காலும் பின்னால்,
அவற்றின் நடுவே புள்ளிகளால் ஆன ஒரு வட்டம்,
பந்தியில் யாருக்கோ போட்டுவைத்த இலை மாதிரி.
அவர் பெயர் கோவர்த்தனம்.
அதுவும் உடைந்தது.

ஒரு பக்கம் மட்டும் நிற்கும் குறிகள் எல்லாம் பணிந்தன.
எழுத்தின் இருபுறமும் ஒரே நேரத்தில்
நிற்க வேண்டியவைதான் முரண்டு பிடித்தன.

'ஒயின் மறுபடி படுத்துடுச்சு இம்தியாஸ்'
என்று நான் போனில் சொன்னதும்
தில்லிபாபு என்னைப் பார்த்தார்,
பிறகு மேசைக்கு அடியில் பார்த்தார்.
போனில் கொட்டாவிதான் பதிலாக வந்தது.
'ஃபான்ட் மாத்திப் பாருங்கக்கா.'
ஏழு மாற்றினேன்.
ஏழிலும் அந்த வட்டம்.

'அந்த வளையம் என்னாத்துக்கு, எங்கப்பா பேருல?'
சத்தமில்லாமல்தான் கேட்டார்.
கணினிக்குத் தெரியாத இடத்தில் போடும் என்றேன்.
அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு
வட்டத்துக்கு நேர் எதிரே உட்கார்ந்தார்.

எழுத்தென்று நினைப்பதை விட்டேன்.
கீழே, இப்படிக்கு வரிசையில்
பேரன் பேத்திகள் சரியாக வந்திருந்தார்கள்.
அந்தப் பேயை வளைகோடாக்கி
இரட்டைக்கொம்பை மட்டும் வெட்டினேன்.
நகல்தான். பேரனிடமிருந்து எதையும் பிடுங்கவில்லை.
கால் எங்கே என்று தேடினால்
முகவரியில் இருந்தது, காட்பாடி.
அதிலிருந்து ஒரு கால் வாங்கி
க-வின் வலப்பக்கம் நிறுத்தினேன்.
கொம்பை இடப்பக்கம் தள்ளினேன்.
சுட்டி நடுங்கியது.
திரை ஒருமுறை கறுத்து, திரும்பியது.
கோ.

தோற்றத்துக்கும் அதே வைத்தியம்.
பிறந்த தேதி அவருக்கே தெரியாது,
ஆண்டு மட்டும் போடச் சொன்னார்.

ஒன்றே முக்காலுக்குப் படமாக மாற்றி
பென்டிரைவில் கொடுத்தேன்.
தோட்டப்பாளையத்தில் மெஷின் ராத்திரியும் ஓடும்.
'இது எந்த கம்பெனி சிஸ்டம்?'
போகும்போது கேட்டார்.
பதில் சொல்லத் தொடங்கினேன்,
அவர் ஏற்கெனவே வண்டியை உதைத்துக்கொண்டிருந்தார்.

காலையில் பேருந்து ஜன்னலிலிருந்து பார்த்தேன்.
கொம்புக்கும் க-வுக்கும் இடையே
நூலளவு கூடுதல் இடைவெளி.
அதன் கீழே இரண்டு பேர் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்,
ஒருவர் பெயரை வாய்விட்டுப் படித்தார்,
தடங்கலில்லாமல்.

கடையைத் திறந்தால் வாசலில் ஒரு பெண்,
கையில் மஞ்சள் தடவிய தாள்.
வளைகாப்புப் பத்திரிகை.
பெண்ணின் பெயர் கௌசல்யா.